சோறு போட்டவர் எந்தப் படத்தில்?



சம்பா அறுவடை முடிந்து, தரிசில் தெளித்த உளுந்து பூவெடுக்கிற மாசி மாதத்தில் நம் இதழ் அலுவலகத்துக்குப் பென் டிரைவ்கள் வரத் தொடங்கும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஏழு நாள் முகாம் போய்வந்த கல்லூரி மாணவர்கள், ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துக் கோயில்களில் உழவாரப் பணிக்குப் போய்வந்த குழுவினர், வாய்க்காலில் மண்டிய நெய்வேலிக் காட்டாமணக்கை வெட்டப் போன இளைஞர் மன்றத்தார் என்று பலரும் தாங்கள் எடுத்த படங்களைக் கோத்து, பாட்டுச் சேர்த்து, “பார்த்துட்டு ரெண்டு வரி எழுதுங்க சார்” என்று கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எதையும் விடாமல் பார்க்கிறேன். இந்த மாதப் பக்கத்தை அந்தப் படக்காட்சிகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

அவற்றில் பெரும்பாலானவை ஒரே வார்ப்பில் இருக்கின்றன. புறப்படும் காலையில் பேருந்தின் முன்னால் பேனரைப் பிடித்தபடி எல்லோரும். ஊர் எல்லையில் வரவேற்பு. வெட்டுவதை நிறுத்தி, மண்வெட்டியைத் தோளில் சாய்த்துச் சிரிக்கும் நான்கைந்து பேர். பம்புசெட்டில் குளியல். சிறப்பு விருந்தினர் மரக்கன்று நடுகிறார். ஒரே கன்றைப் பத்துக் கைகள் பிடித்திருக்கின்றன. பிறகு நிறைவு விழா, பொன்னாடை, சான்றிதழ். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இருபது வயதில் சேர்ந்து உழைத்த களிப்பு அந்த முகங்களில் பளிச்சென்று தெரிகிறது. அது வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

ஆனால் பார்த்து முடித்ததும் சில கேள்விகள் மிஞ்சுகின்றன. ஏழு நாளும் கோட்டை அடுப்பில் அண்டாவை ஏற்றிச் சோறு வடித்தவர் யார்? மண்வெட்டியும் கடப்பாரையும் எந்த வீட்டிலிருந்து வந்தன? மாணவிகள் தங்குவதற்குத் தன் வீட்டு மாடியை ஒழித்துக் கொடுத்த அம்மா எங்கே? எந்த வாய்க்கால், எந்த மதகு, அதில் தண்ணீர் ஓடினால் யார் வயலுக்குப் போகும்? ஊரின் பெயரையே பேனரில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. போனவர்கள் எல்லாப் படத்திலும் இருக்கிறார்கள். போன இடம் எந்தப் படத்திலும் இல்லை.

சேவைப் பயணத்தின் படக்காட்சியை நான் பொழுதுபோக்காகப் பார்க்கவில்லை. அது அந்தப் பயணத்தில் செய்யவேண்டிய கடைசி வேலை. வாய்க்கால் வெட்டும்போது காட்டிய அக்கறையில் பாதியாவது அதில் காட்டவேண்டும். அந்த ஊர்க்காரர் ஒருவர் அதைப் பார்த்து “ஆமாம், இது எங்க ஊர்தான், இது நாங்கதான்” என்று சொல்லவேண்டும். அப்படிச் சொல்ல முடியாத படக்காட்சி எத்தனை அழகாக இருந்தாலும் வேலை பாதியில் நிற்கிறது என்றுதான் அர்த்தம்.

நம் மண்ணில் நடந்த ஒரு பெரிய தொண்டர் பயணத்தை எண்ணிப் பாருங்கள். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் நூறு பேர் அளவில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று காவிரி டெல்டாவை ஊடறுத்துப் போன அந்த நடை ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் சேர்ந்தது. வழியில் தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுப்பவர்களுக்குச் சிறை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றைப் பொட்டலமாகக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யாரென்று போலீசுக்குத் தெரியாது. நடந்து வருகிறவர்களுக்குப் பசியாறும். தொண்டர்களின் பெயர்களைப் பட்டியலாக வைத்திருக்கிறோம். சர்தார் வேதரத்தினம் பிள்ளையைத் தெரியும். போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய மறுத்த வைரப்பனுக்கு வேதாரண்யத்தில் நினைவுத்தூண் இருக்கிறது. நாமக்கல் கவிஞர் அந்த நடைக்கென்றே எழுதிக்கொடுத்த பாட்டு இன்றைக்கும் மேடைகளில் ஒலிக்கிறது. அந்தப் பொட்டலங்களைக் கட்டிய பெண்களில் பெரும்பாலோருடைய பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அன்று மறைந்து நின்றால்தான் கொடுக்க முடியும் என்கிற நிலை. அதனால் மறைந்து நின்றார்கள். இன்று ஒரு முகாமுக்குச் சோறாக்குகிறவர் மறைந்து நிற்கவேண்டிய அவசியம் எதுவும் இல்லை. கேமரா அந்தப் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவுதான்.

பெயர் எழுதிவைப்பதில் தஞ்சாவூருக்கு இணையான ஊர் உண்டா என்று நான் பலமுறை வியந்ததுண்டு. 1010இல் முடிந்த பெரிய கோயிலின் சுவர்களில் ராஜராஜன் தான் கொடுத்ததை மட்டும் வெட்டிவைக்கவில்லை. அக்கையும் மனைவியரும் அதிகாரிகளும் கொடுத்தவற்றையும் வெட்டவைத்தான். கோயிலில் ஆடவந்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர் ஒவ்வொன்றாக இருக்கிறது. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதுவரை இருக்கிறது. விளக்கேற்றுகிறவர், குடை பிடிக்கிறவர், தண்ணீர் தெளிக்கிறவர், துணி வெளுக்கிறவர், தையற்காரர், நாவிதர் என்று கோயில் நடக்கத் தேவையான அத்தனை பேருக்கும் அந்தக் கல்லில் இடம் கிடைத்தது.

அந்தக் கல்வெட்டுகளைத்தான் 1858இல் கேப்டன் லினேயஸ் டிரைப் படமெடுத்தார். சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரர் அவர். கோயிலின் அடித்தளத்தை ஒட்டிக் கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்த 21 படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். கையடக்கக் கருவியில்லாத காலம் அது. ஒவ்வொரு படமும் தனிப் பாடு. வரிசை கலைந்தால் வாசகம் கலைந்துவிடும் என்பதால் எந்தப் படத்துக்குப் பின் எது என்பதில் அவர் காட்டிய கவனத்தை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. படக்காட்சி செய்ய உட்காரும் பிள்ளைகள் அந்தச் சுருளை ஒருமுறை இணையத்தில் தேடிப் பார்க்க வேண்டும்.

இனி, மனசுக்குக் கஷ்டமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள். தார்ப்பாய், மெழுகுவத்தி, அரிசி, குடிநீர், மரம் அறுக்கும் மெஷின் என்று வண்டி வண்டியாகக் கொண்டுவந்தார்கள். கேரளத்திலிருந்து மின்வாரிய ஊழியர்கள் வந்து கம்பம் நட்டார்கள். அந்த நாட்களில் நம் வாசகர்கள் சிலரோடு நானும் பேராவூரணிப் பக்கம் போயிருந்தேன். இருட்டில், சேற்றில், முன்பின் தெரியாத ஊரில் அந்தப் பிள்ளைகள் உழைத்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அவர்களை ஒரு சொல்லும் குறையாகச் சொல்லமாட்டேன்.

ஆனால் அப்போது பரவிய படங்களில் ஒரு வகை இன்னும் உறுத்துகிறது. அரிசிப் பையைக் கொடுக்கும் கை ஒருபக்கம், வாங்கும் கை மறுபக்கம்; நடுவில் கேமரா. கொடுப்பவர் நம்மைப் பார்க்கிறார், வாங்குபவர் தரையைப் பார்க்கிறார். ஐப்பசி வரைக்கும் தேங்காய் லோடு ஏற்றிவிட்டவர் அவர். விருந்தாளி வந்தால் இளநீர் சீவிக் கொடுத்துத்தான் அனுப்புகிறவர். கார்த்திகை முதல் தேதியில் வரிசையில் நிற்கிறார். அந்த நிமிஷத்தை எவரும் அவரைக் கேட்டுப் படமெடுக்கவில்லை. உங்கள் தொகுப்பில் அப்படியொரு படம் இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நிவாரணம் போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்பார்கள். பணம் கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட ரசீதும் பொருள் பட்டியலும் போதும். ஊருக்குள் இறக்கிய மூட்டைகளைப் படமெடுக்கலாம், வண்டியை எடுக்கலாம். ஒரு மனிதர் தலைகுனிந்து நிற்பதை எடுக்க வேண்டியதில்லை. அவரே அடுத்த நாள் அரிவாளோடு வந்து விழுந்த மரத்தைக் கழித்துக் கொடுத்தாரே, அந்தப் படத்தை வையுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். முகாம் போன இடத்தில் பிள்ளைகள் ஓடிவந்து கேமரா முன் நிற்பார்கள். நிற்கட்டும். ஆனால் பெற்றவர்களைக் கேட்காமல் அந்த முகம் ஊர் தாண்டிப் போகக்கூடாது.

படங்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் வேறொரு பயனும் இருக்கிறது. ஏழு நாள் படங்களையும் நாள்வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள். பெருமாள் கோயில் தெரு வருகிறது, பள்ளிக்கூடம் வருகிறது, குளத்தங்கரை வருகிறது. காலனி வருகிறதா? டெல்டாவில் ஊருக்கும் காலனிக்கும் நடுவே ஒரு வாய்க்காலோ ஒரு வயல்வெளியோ இருக்கும். ஏழு நாளில் நாம் ஒருமுறையும் அந்தப் பக்கம் போகவில்லை என்பது படங்களைப் பரப்பிவைக்கும்போதுதான் உறைக்கும். ஆண்கள் எல்லோரும் மண்வெட்டியோடும் பெண்கள் எல்லோரும் கோலப்பொடியோடும் இருக்கிறார்களா என்பதும் அப்போதுதான் தெரியும். அடுத்த முகாமின் திட்டத்தை அந்த இடைவெளிகளிலிருந்தே எழுதத் தொடங்கலாம். நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியபோது மாணவருக்கு ஊர் தெரிய வேண்டும் என்பதுதானே முக்கிய நோக்கம்? ஊர் முழுவதும் தெரிய வேண்டும்.

உழவாரப் பணிக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. கையில் உழவாரப் படையோடு கோயில் கோயிலாகப் புல் செதுக்கிய அப்பர் பெருமான் முத்தி பெற்ற திருப்புகலூர் நம் டெல்டாவில்தான் இருக்கிறது. அவர் வழியில் வருகிற உங்களுக்குப் படம் என்பது நினைவுக்கு மட்டுமல்ல, ஆவணமாகவும் பயன்படும். செடியைப் பிடுங்குவதற்கு முன், பாசியைத் தேய்ப்பதற்கு முன், சுவரை நான்கு பக்கமும் படமெடுத்துவிடுங்கள். எழுத்து தெரிகிற கல் எதுவானாலும் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, பக்கவாட்டில் வெயில் விழுகிற காலையிலோ மாலையிலோ எடுங்கள். வெட்டெழுத்து அப்போதுதான் எடுப்பாகத் தெரியும். விமானத்தில் வேர் விட்ட அரசமரத்தை நீங்களாக இழுக்காதீர்கள். கல்லும் சேர்ந்து வந்துவிடும். படத்தோடு அறநிலையத் துறைக்கோ தொல்லியல் துறைக்கோ எழுதுங்கள். பணி முடிந்தபின் முதலில் நின்ற அதே இடத்தில் நின்று மறுபடி எடுங்கள். அந்த இரண்டு படங்களும் அடுத்தடுத்து வரும்போது விளக்கவுரையே தேவைப்படாது.

அதே இடத்தில் நின்று எடுப்பது வாய்க்காலுக்கும் பொருந்தும், குளத்துக்கும் பொருந்தும். கஜாவுக்கு அடுத்த ஆண்டு பேராவூரணி பெரியகுளத்தை அந்த வட்டார இளைஞர்களே கைஃபா என்ற அமைப்பாகச் சேர்ந்து தூர்வாரினார்களே, அதைப் போன்ற வேலைகளுக்கு ஒரு நாள் படம் போதாது. தூர்வாரும்போது ஒன்று, ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்போது ஒன்று, நிரம்பி நிற்கும்போது ஒன்று. நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டு பிடிக்கும். 2019இல் வைத்த கன்றுகளுக்கு இப்போது பாளை விடுகிற வயது. அன்று கன்று நட்டுப் படமெடுத்த குழுக்கள் யாராவது திரும்பிப் போய் அந்த மரத்தடியில் நின்று எடுத்திருந்தால் எனக்கு அனுப்புங்கள். அட்டைப்படமாகவே போடுகிறேன்.

செய்முறை பற்றிப் பலர் கேட்கிறீர்கள். முதலில், படங்களை வாட்ஸ்அப் குழுவிலிருந்து இறக்காதீர்கள். அதில் தெளிவு குறைந்துவிடும். எடுத்த நாள், நேரம் என்ற விவரமும் உதிர்ந்துவிடும். ஒவ்வொருவர் போனிலிருந்தும் அசல் கோப்பை ஒரு கணினியில் சேருங்கள். ஐம்பது பேர் போயிருந்தால் ஆயிரக்கணக்கில் சேரும். திரையில் காட்ட அறுபது படம் போதும். ஒரு படத்துக்கு ஆறு விநாடி வைத்தால் ஆறு நிமிஷம். அதற்குமேல் போனால் எடுத்தவர்களைத் தவிர வேறு யாரும் உட்கார மாட்டார்கள். தேர்வை ஒருவரிடமே விடாதீர்கள். மண்வெட்டி பிடித்தவர் ஒருவர், சமையலுக்கு நின்றவர் ஒருவர், கேமரா பிடித்தவர் ஒருவர் என மூவர் உட்காருங்கள். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் அகலத் திரையில் நடுவே ஒடுங்கி நிற்கும். அடுத்த முறை போகும்போதே படுக்கவைத்து எடுக்கச் சொல்லிவையுங்கள். படத்தின் கீழே எழுதும் வரிகளை யூனிகோடில் எழுதுங்கள். பாமினி, வானவில் எழுத்துருக்களில் எழுதினால் ஊரில் இருக்கும் கணினியில் எழுத்து சிதறிப்போகும்.

பாட்டைப் பற்றி என் எண்ணம் கொஞ்சம் பிடிவாதமானது. எல்லாப் படக்காட்சியிலும் அதே நான்கு சினிமாப் பாட்டுகள்தான் ஓடுகின்றன. நல்ல பாட்டுகள்தான். ஆனால் அந்த ஊரில் காலை நான்கு மணிக்குப் பம்புசெட் ஓடிய சத்தம், நடவு வயலில் எழுந்த குலவை, சாப்பாட்டுப் பந்தியில் “இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்கப்பா” என்ற குரல் ஆகியவை வேறு எங்கே கிடைக்கும்? போனிலேயே பதிவு செய்யலாம். அந்த ஒலியைப் படங்களுக்கு அடியில் ஓடவிட்டுப் பாருங்கள்.

முடித்த படக்காட்சியை முதலில் எங்கே காட்டுவது? கல்லூரி அரங்கில் என்பீர்கள். நான் அந்த ஊரில் என்பேன். பேராவூரணிப் பக்கம் நாங்கள் போன ஊரில் சில மாதம் கழித்து அப்படித்தான் காட்டினோம். பள்ளிக்கூடத்தின் வெள்ளையடித்த சுவர்தான் திரை. கரண்ட் வந்து வந்து போனது; யாரும் எழுந்து போகவில்லை. வேரோடு சாய்ந்த ஒரு தென்னையின் படம் வந்ததும் ஓர் ஆச்சி, “தம்பி, நிறுத்து நிறுத்து. இது எங்க மாமனார் கையால வச்ச மரம்” என்றார். நிறுத்தினோம். மாமனார் அந்தக் கன்றை எந்த ஊரிலிருந்து தலையில் சுமந்து வந்தார், எந்த வருஷம் முதல் பாளை விட்டது என்று சொல்லிக்கொண்டே போனார். பக்கத்துத் தோப்புக்காரர் இடையில் புகுந்து தன் மரத்தின் கதையைத் தொடங்கினார். ஆறு நிமிஷப் படக்காட்சி இரண்டு மணி நேரம் ஓடியது. அன்று அவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் படங்களின் கீழே பெயர்களை எழுதினோம். எது பாசன வாய்க்கால், எது வடிகால், எந்த மேட்டை ஊரில் என்ன சொல்லி அழைப்பார்கள் என்பதெல்லாம் வெளியூர்க்காரருக்குத் தெரியுமா என்ன? காட்டி முடித்ததும் ஒரு பிரதியை ஊராட்சி அலுவலகத்திலும் இன்னொன்றைப் பள்ளிக்கூடத்திலும் வைத்துவிட்டு வந்தோம். அச்சடித்த சில படங்களை வீடு வீடாகக் கொடுத்தோம். போனில் பார்ப்பதைவிடச் சுவரில் மாட்டுகிற படத்துக்குத்தான் அங்கே மதிப்பு.

கடைசித் திரையில் ‘நன்றி’ என்று பூப்போட்டு எழுதுகிற வழக்கம் இருக்கிறது. அதற்குப் பதிலாகப் பெயர்ப் பட்டியல் வரட்டும். சமைத்தவர், பாத்திரம் கொடுத்தவர், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியவர், பாம்பு இருக்கும் இடத்தைக் காட்டி எச்சரித்தவர், வாய்க்கால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கூடவே நடந்து காட்டிய பெரியவர். யாருக்காவது தன் பெயர் வருவதில் விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். மற்றவர்களுடைய பெயரை அவர்கள் சொல்கிறபடியே, இனிஷியல் பிசகாமல் எழுதுங்கள். தன் பெயர் திரையில் வரும்போது சோறு வடித்த அம்மாவின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

வருகிற சித்திரை இதழில் இத்தகைய படத்தொகுப்புகளுக்கு எட்டுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். ஒரு குழு பன்னிரண்டு படம் அனுப்பலாம். அவற்றில் குறைந்தது மூன்று அந்த ஊர்க்காரர்கள் வேலை செய்கிற படங்களாக இருக்கவேண்டும். குறைந்தது ஒன்று அந்த ஊர்க்காரர் ஒருவரே எடுத்த படமாக இருந்தால் இன்னும் மகிழ்வோம். ஒவ்வொரு படத்துக்கும் நாள், இடம், படத்தில் இருப்பவர் சம்மதித்தாரா என்ற குறிப்பு, எடுத்தவர் பெயர் வேண்டும். ஊரில் காட்டிவிட்டீர்களா என்பதையும் எழுதுங்கள். இன்னும் காட்டவில்லை என்றால் அவசரமில்லை, காட்டிவிட்டு அனுப்புங்கள். வைகாசி இதழிலும் இடம் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்